அம்மா வகுப்பில், குழந்தை எங்கே? பெற்றோரையும் சின்னக் குழந்தைகளையும் சேர்த்தே வறுமையிலிருந்து மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பயிற்சி வகுப்பு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும். குழந்தைகள் காப்பகத்தை நான்கு மணிக்கே பூட்டிவிடுவார்கள். நாங்கள் முதன்முதலாக நடத்திய கணக்கெழுதும் பயிற்சியில் இந்த ஒரு மணி நேரம் யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாவது வாரத்தில் பாதி நாற்காலிகள் காலி. காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் "ஆர்வமின்மை" என்று எழுதி அனுப்பினோம், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பிறகு, வராமல் நின்றுபோன ஒரு பெண்ணை வழியில் பார்த்துக் கேட்டபோது அவர் சொன்னார்: "மூணே முக்காலுக்கு எழுந்தா நீங்க முறைக்கிறீங்க. நாலு மணிக்குப் போகலன்னா அங்க முறைக்கிறாங்க. யார்கிட்ட திட்டு வாங்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு, வராமலே இருந்துட்டேன்."

இந்த வழிகாட்டி அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது. பத்து இருபது குடும்பங்களோடு வேலை செய்ய நினைக்கும் சிறிய அமைப்பு, பள்ளி, காப்பகம், தன்னார்வலர் குழு, இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இதற்கு இரு தலைமுறை அணுகுமுறை என்று ஒரு பெயர் இருக்கிறது. பெயர் பெரிதாகத் தெரிந்தாலும் விஷயம் எளிது. பெற்றோருக்கு வருமானம், குழந்தைக்கு நல்ல தொடக்கம், இந்த இரண்டையும் ஒரே குடும்பத்துக்கு ஒரே காலத்தில் ஒன்றையொன்று முட்டாமல் செய்வது. அந்த "முட்டாமல்" என்பதில்தான் முக்கால்வாசி வேலை.

தொடங்கும் முன்: ஏன் இரண்டையும் சேர்த்து?

குழந்தைக்கு மட்டும் செய்து பார்த்திருக்கிறார்கள், பலனும் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டியில் 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 123 குழந்தைகள், அவர்களில் 58 பேருக்கு முன்பள்ளி. அந்த 58 பேர் நாற்பது வயதில் மற்றவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைதானார்கள். பலரும் சொல்லாமல் விடுவது என்னவென்றால், அந்த ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை வீட்டுக்கும் போய் தாயோடும் குழந்தையோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஆனால் வகுப்பு காலையில் இரண்டரை மணி நேரம்தான், அதை நம்பி எந்தத் தாயும் வேலைக்குப் போக முடியாது. 1972-இல் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் தொடங்கிய அபெசிடேரியன் திட்டம் வேறு மாதிரி. கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பள்ளி சேரும் வரை, முழு நாள், ஏறக்குறைய வருடம் முழுக்க. அங்கே குழந்தைகள் மட்டுமல்ல, பதின்வயதிலேயே தாயானவர்களும் படிப்பைத் தொடர்ந்தார்கள். காப்பகம் திறந்திருந்த நேரம் தாயின் நேரமாகவும் ஆனது, அவ்வளவுதான் ரகசியம்.

தோற்றதும் உண்டு, அதைத் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம். 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்த விரிவான குழந்தை மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒன்று இருந்தது. 21 இடங்களில் 4,400-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆய்வு செய்து 1997-இல் முடிவு வெளியிட்டார்கள்: குழந்தைகளிடமும் சரி, பெற்றோரிடமும் சரி, சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. அந்தத் திட்டத்தின் மையம், குடும்பத்துக்கு ஓர் ஊழியரை நியமித்து, ஊரில் ஏற்கெனவே இருக்கும் சேவைகளுக்கு அவர்களை அனுப்பிவைப்பது. "அங்கே போங்கள், இந்த பார்மை நிரப்புங்கள்" என்று வழிகாட்டுவதை மட்டும் சேவை என்று நினைத்தால் இதுதான் கதி. அனுப்பும் இடத்தில் தரமான காப்பகமும் சம்பளம் தரும் பயிற்சியும் இருக்க வேண்டும், போதுமான அளவுக்கும் இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு எத்தனை திட்டம் போட்டாலும் விசிட்டிங் கார்டு விநியோகம்தான்.

படி 1: குறைவான குடும்பங்கள்

முதல் வருடம் பதினைந்து குடும்பம் போதும். ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தையாவது இருக்கட்டும். "ஆர்வமுள்ளவர்களை மட்டும் எடுப்போம்" என்று ஒரு குரல் எழும், அதற்குக் காது கொடுக்காதீர்கள். ஆர்வம் மாதிரி வெளியே தெரிவது பல நேரம் வீட்டில் ஒரு பாட்டி இருப்பதுதான். அதே சமயம் வீட்டில் அடி உதை நடக்கிறது, நாளை தங்க இடமில்லை என்ற நிலையில் இருப்பவரை நேராகப் பயிற்சி வகுப்பில் உட்கார வைப்பதும் தவறு. முதலில் பாதுகாப்பு, கூரை, பயிற்சி அப்புறம்.

படி 2: வாரத்தை வரையுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி கிணறு தாண்டியாயிற்று, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு பெரிய வெள்ளைத் தாள், இரண்டு நிறப் பேனா. ஏழு நாளுக்கு ஏழு நெடுவரிசை, விடியற்காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை அரைமணிக்கு ஒரு கோடு. அலுவலகத்தில் வேண்டாம், அவர்கள் வீட்டிலேயே, குழந்தை மடியிலோ பக்கத்திலோ இருக்கும்போது வரையுங்கள். நீலத்தில் பெற்றோர் எங்கே இருக்கிறார் என்று குறிக்கச் சொல்லுங்கள், சிவப்பில் குழந்தை எங்கே, யாரிடம். இரண்டு பெற்றோரும் இருந்தால் இருவரும் உட்காரட்டும். அப்பாவைக் கூப்பிடாமல் விட்டால் பாதித் தாள் ஊகமாகத்தான் இருக்கும்.

முதலில் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் சொல்வார்கள். "காலையில வேலைக்குப் போவேன், பாப்பாவ பக்கத்து வீட்டுல விடுவேன்." சரி, வியாழக்கிழமை? பக்கத்து வீட்டுக்காரருக்கும் வியாழன் வேலை. அன்று யார்? கொஞ்ச நேரம் பேச்சு வராது. பிறகுதான் ஆறு வயது அக்கா பள்ளிக்குப் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொள்வது வெளியே வரும். அந்த இடத்தில் முகத்தை மாற்றிவிடாதீர்கள். "ஐயோ" என்று ஒரு சொல் வந்தாலும் போச்சு, அடுத்த வாரம் உண்மை வராது. நீலத்துக்கு நேரே சிவப்பு விட்டுப்போன இடங்களை வட்டமிட்டு, "இந்த நேரத்துக்கு ஒரு வழி பார்க்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பயண நேரத்தையும் எழுதுங்கள். காப்பகம் வீட்டுக்குக் கிழக்கே, பயிற்சி மேற்கே என்றால் ஒரு நாளில் நான்கு பயணம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் பயணம்தான். இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு நாங்கள் ஒரு வகுப்பையே காப்பகத்தின் பின்னறைக்கு மாற்றியிருக்கிறோம். அப்புறம் கடைசியாக ஒரு கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு எடுப்பார்கள்? பதில் இல்லையென்றால் அது இந்தத் தாளின் ஆகப் பெரிய வட்டம்.

படி 3: காப்பகம் முதலில், பயிற்சி பிறகு

பயிற்சித் தேதியை முதலில் குறித்துவிட்டு, காப்பகத்தை அதற்குள் எப்படியாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று நினைப்பது வழக்கம். தலைகீழாகச் செய்யுங்கள். குழந்தை ஒரு மாதமாவது காப்பகத்துக்குப் பழகட்டும். புது இடத்தில் முதல் இரண்டு வாரம் அழும் குழந்தையை விட்டுவிட்டு வரும் அம்மாவுக்கு வகுப்பில் என்ன ஏறும்?

நல்ல காப்பகம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரில் வரைந்த படத்தை விடுங்கள். ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு குழந்தை அழுதால் எத்தனை நேரத்தில் ஒரு பெரியவர் அருகில் போகிறார்? போய்க் குனிந்து பேசுகிறாரா, நின்ற இடத்திலிருந்தே அதட்டுகிறாரா? குழந்தை எதையாவது காட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்கிறார்களா? ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றால் ஒருவருக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் எவ்வளவு நல்ல மனுஷியாலும் டயப்பர் மாற்றவும் பால் கொடுக்கவும்தான் நேரம் இருக்கும். ஊழியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்றும் கேளுங்கள். மாதத்துக்கு ஒரு முகம் மாறினால் குழந்தை யாரோடும் ஒட்டாது. அந்த ஊழியர்களின் சம்பளத்தையும் விசாரியுங்கள், பல நேரம் நாம் மீட்க நினைக்கும் குடும்பங்களில் அவர்கள் குடும்பமும் ஒன்றாக இருக்கும்.

படி 4: பயிற்சியை வேலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

நம்மிடம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது ஒரு பழைய வியாதி. அதற்கு முன்னால், சுற்றுவட்டாரத்தில் வேலை கொடுக்கும் ஒரு நாலைந்து இடத்துக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, எந்தச் சான்றிதழை மதிக்கிறீர்கள், ஷிப்ட் நேரம் என்ன. மூன்றாவது கேள்வியை மறந்தால் படி 2-இல் வரைந்த தாளுக்கு அர்த்தமே இல்லை. இரவு பத்து மணி ஷிப்டுக்கு எந்தக் காப்பகமும் திறந்திருக்காது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரில் 2009-இல் தொடங்கிய கெரியர் அட்வான்ஸ் திட்டத்தை நான் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வேன். குழந்தைகள் ஹெட் ஸ்டார்ட் என்ற முன்பள்ளியில் இருக்கும் நேரத்தை ஒட்டியே பெற்றோருக்கு மருத்துவத் துறை வேலைகளுக்கான வகுப்புகள். பெற்றோர் குழுவாகச் சேர்ந்து படித்தார்கள், வழிகாட்ட ஒரு பயிற்றுநர், ஒழுங்காக வந்தால் ஊக்கத்தொகை. ஒரு வருடத்தில் 61 சதவீதம் பேர் சான்றிதழ் வாங்கினார்கள், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற பெற்றோரில் 3 சதவீதம்தான். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த முதல் வருடத்தில் வருமானம் கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படிக்கும் காலத்தில் சம்பாத்தியம் குறையும், சில குடும்பங்களுக்குக் கீழே இறங்கியும் போகும். இதை நன்கொடையாளரிடமும் குடும்பத்திடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆறாவது மாதம் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

பாடத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். மூன்று நான்கு மாதத்தில் ஒரு சான்றிதழ், அதை வைத்து ஒரு வேலை, பிறகு அதன் மேல் இன்னொன்று. இரண்டு வருடக் கோர்ஸ் என்றால் நடுவில் ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனாலே கையில் ஒன்றும் மிஞ்சாது. குழுவாகப் படிக்க வைப்பதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஒருவர் வராவிட்டால் நாம் போன் செய்வதைவிடக் கூடப் படிப்பவர் "ஏன் வரல?" என்று கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

படி 5: சம்பளம் கூடினால் என்ன குறையும்?

வேலை கிடைத்த பிறகு குடும்பம் முன்பைவிடச் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வருமான வரம்பு வைத்துக் கொடுக்கும் உதவிகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் இது நடக்கும். சம்பளம் 100 கூடும். அதனாலேயே வாடகை உதவியில் 50 போகும், காப்பகக் கட்டணச் சலுகையில் 40 போகும், போகவர 20 ஆகும். வேலைக்குப் போய் 10 நஷ்டம். வேலை உயர்வு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது சோம்பலாக இருக்காது, அவர் இந்தக் கணக்கை மனதிலேயே போட்டிருப்பார்.

அதனால் வேலையை ஏற்கும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து தாளில் எழுதுங்கள். எந்த உதவி எந்தத் தொகையில் நிற்கும், ஒரேயடியாக நிற்குமா, படிப்படியாகக் குறையுமா? பள்ளம் தெரிந்தால் இரண்டு வழி. பள்ளத்தைத் தாண்டிப்போகும் அளவு சம்பளம் உள்ள வேலைக்காக இன்னும் ஒரு சான்றிதழ் வரை பொறுப்பது, அல்லது சில மாதத்துக்கு அந்த இடைவெளியை உங்கள் நிதியால் நிரப்புவது. இரண்டாவதற்காக முதல் நாளிலிருந்தே பணம் ஒதுக்கி வையுங்கள், கூட்டம் நடத்தும் செலவைக் குறைத்தாவது.

படி 6: கையில் கொஞ்சம் பணம்

மிக ஏழைக் குடும்பங்களுக்குப் பயிற்சி மட்டும் போதாது என்பதை பங்களாதேஷின் பிராக் அமைப்பு 2002-இல் தொடங்கிய திட்டம் காட்டியது. ஆடு, மாடு, கோழி போல வருமானம் தரும் ஒரு சொத்து, அதைப் பராமரிக்கப் பயிற்சி, முதல் சில மாதம் வயிற்றுப்பாட்டுக்குச் சிறிய உதவித்தொகை, சேமிப்பு, வீடு தேடி வரும் ஆலோசகர், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு வருடம். இதே மாதிரியை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களோடு சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் சாப்பாடு, சொத்து, வருமானம் மேலேயே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் கொடுத்த கோழிகளில் பல நோயில் செத்துப்போய்க் கணக்கே கவிழ்ந்தது. சொத்து கொடுப்பது என்று முடிவெடுத்தால் அது உங்கள் மண்ணில் பிழைக்குமா என்று முதலில் பாருங்கள்.

நகரத்துக் குடும்பத்துக்குச் சொத்துக்குப் பதில் அவசர நிதி. ஒரு மாத வாடகை அளவு கையிருப்பு இருந்தால் காய்ச்சல் என்ற ஒன்று கடனாக மாறாது. கடன் பட்டியலை எழுதி, வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்கச் சொல்லுங்கள். இந்தப் பட்டியலையும் இரண்டாவது மூன்றாவது சந்திப்புக்கு முன் கேட்காதீர்கள், பாதிதான் வரும்.

படி 7: வாரம் ஒரு மணி நேரம், தரையில்

எல்லாப் படிகளிலும் இதுதான் செலவு குறைவு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980-களின் நடுவில் சாலி கிரந்தாம்-மெக்கிரிகர் குழுவினர், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத 129 சின்னக் குழந்தைகளோடு ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உள்ள குழந்தைகள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்குச் சுகாதார ஊழியர் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போனார். கையில் சாதாரணப் பொருள்களால் செய்த பொம்மை. குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாயோடு சேர்ந்து செய்து பார்த்தார்கள். இருபது வருடம் கழித்து, அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்.

போகும்போது செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாததுதான் அதிகம். நாற்காலியில் உட்காராதீர்கள், தரையில் உட்காருங்கள். பொம்மையைக் குழந்தையிடம் நீங்கள் கொடுக்காதீர்கள், அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுங்கள். ஒரு தகர டப்பா, மூன்று பாட்டில் மூடி போதும். குழந்தை மூடியை டப்பாவுக்குள் போடும், சத்தம் கேட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நாம் போனது. அம்மா "போட்டுட்டியா! டங்குனு கேட்டுச்சா?" என்று சொன்னால், "பார்த்தீங்களா, நீங்க சொன்னதும் இன்னொண்ண எடுக்கிறா" என்று அதைச் சுட்டிக்காட்டுங்கள். பாராட்டு குழந்தைக்குப் போவதைவிட அம்மாவுக்குப் போகட்டும். மூளை வளர்ச்சி பற்றிய சொற்பொழிவெல்லாம் வேண்டாம்.

சிலர் சிரிக்கவே மாட்டார்கள், பேசவே மாட்டார்கள். அது அலட்சியம் என்று முடிவு கட்டாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், கடன்காரர் காலையில் வந்து போயிருக்கலாம். சில வாரம் பார்த்தும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் கூடவே போங்கள். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது பழைய தவறுதான்.

படி 8: ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள்

காப்பகத்துக்கு ஒருவர், பயிற்சிக்கு ஒருவர், சேமிப்புக்கு ஒருவர் என்று மூன்று பேர் மூன்று பார்மோடு போனால், குடும்பத்துக்கு நம்மைச் சமாளிப்பதே ஒரு வேலையாகிவிடும். ஒரே ஆலோசகர் எல்லாவற்றையும் பார்க்கட்டும், அவரிடம் இருபது குடும்பத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இலக்கு அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். "பொருளாதாரத் தற்சார்பு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், "மாசக் கடைசியில கை ஏந்தாம இருக்கணும்" என்பார்கள்.

படி 9: எதை எண்ணுவது?

எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது எளிது, அதனாலேயே எல்லோரும் எண்ணுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே அட்டை போதும். ஒரு பக்கம் பெற்றோர்: மாத வருமானம், கடன் மீதி, கையிருப்பு, சான்றிதழ். மறுபக்கம் குழந்தை: காப்பகத்துக்கு வந்த நாள்கள், எடை, உயரம், தடுப்பூசி, வயதுக்கேற்ற பேச்சு. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே படியுங்கள். அப்பாவுக்கு வருமானம் கூடிய அதே மாதம் குழந்தையின் வருகை குறைந்திருந்தால் ஷிப்ட் மாறியிருக்கிறது என்று அர்த்தம், கேளுங்கள்.

படி 10: வேலை கிடைத்த பிறகு

நிறையத் திட்டங்கள் வேலை உத்தரவு கையில் வந்த அன்று போட்டோ எடுத்துக்கொண்டு விடைபெற்றுவிடும். ஆபத்தே அதற்குப் பிறகு வரும் மூன்று மாதம்தான். முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை பஸ் செலவுக்கு யார்? புது வேலையில் லீவு கேட்கப் பயம், அந்த நேரம் பார்த்துத்தான் குழந்தைக்குக் காது வலிக்கும். அதனால் ஆலோசகரின் சந்திப்புகள் குறைந்தது ஆறு மாதம் தொடரட்டும், காப்பக இடம் ஒரு வருடம் கையில் இருக்கட்டும், காய்ச்சல் நாளுக்கு மாற்று ஆள் ஒருவர் பெயர், போன் எண்ணோடு தயாராக இருக்கட்டும்.

முதல் மாதச் சம்பளம் வந்ததும் அதே மாதிரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு போய் வாரத்தைப் புதிதாக வரையுங்கள். வேலை நேரம் மாறியிருக்கும், பஸ் மாறியிருக்கும், அக்கா மறுபடி பள்ளிக்குப் போகிறாளா என்பதும் அதில் தெரிந்துவிடும். பழைய தாளையும் கூடவே கொண்டுபோங்கள். சிவப்பு விட்டுப்போன வட்டங்களில் எவை போய்விட்டன, எங்கே புதிதாக முளைத்திருக்கின்றன என்று அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள்.